மே மாத நீச்சல், ஜூன் மாதத் தண்ணீர்: குழந்தையின் முதல் நீச்சல் வகுப்பு எதைத் தர வேண்டும்?

ஏப்ரல் பிறந்ததும் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நீச்சல் குளங்களில் கோடை வகுப்புகள் தொடங்கிவிடும். அப்போது காவிரியில் வெறும் மணல்தான் கிடக்கும். வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிடும். அதன்பின் சில வாரங்களில், படித்துறையிலோ கதவணைக்குக் கீழேயோ ஒரு பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோன செய்தி எங்காவது ஓர் ஊரிலிருந்து வரும். அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரு வரி இருக்கும்: "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே."

பெற்றோரைக் குழப்புவது இந்த வரிதான். நீச்சல் தெரிந்த பிள்ளை எப்படி மூழ்கும்? அப்படியானால் வகுப்புக்கு அனுப்புவதில் பயன் உண்டா? எந்த வயதில் அனுப்புவது? எத்தனை நாளில் போதும் என்று சொல்வது? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடம்பு ஏன் மிதக்கிறது

மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் உடம்பு மிதக்கும். காற்றை முழுக்க வெளியே விட்டால் பலருக்கு மெல்லக் கீழே இறங்கும். ஆகவே கை வீசுவதும் கால் அடிப்பதும் நீச்சலில் இரண்டாவதாக வருபவை. முதலாவது மூச்சு. தண்ணீருக்கு வெளியே வாயால் இழுத்து, தண்ணீருக்குள் மூக்கால் விடப் பழகாத பிள்ளை பத்தடி போவதற்குள் களைத்துவிடும்.

சிறு குழந்தைக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் அதன் தலை உடம்பின் அளவுக்குப் பெரியது, கனமானது. ஒரு வயதுக் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழுவதும், விழுந்தபின் தலையைத் தூக்க முடியாமல் போவதும் இதனால்தான். நீந்தும்போதும் இதே கணக்குதான். தலையை மேலே தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். பயந்த பிள்ளை முதலில் செய்வது தலையைத் தூக்குவதைத்தான். மிதக்க வேண்டிய உடம்பு அந்தக் கணமே நிமிர்ந்து நின்றுவிடும், பிறகு அமிழத் தொடங்கும்.

எனவே முதல் வகுப்புகளின் வேலை, பயம் வரும்போது தலையைத் தூக்காமல் மல்லாக்கச் சாயும் பழக்கத்தை உடம்பில் ஏற்றுவது. இது வாய்ப்பேச்சில் வராது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

எந்த வயதில்

1. ஒரு வயதுக்குள்: கைக்குழந்தையைத் தண்ணீரில் விட்டு அது தானாக மிதப்பதுபோல் காட்டும் காணொளிகள் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. இந்த வயதில் நீச்சல் பழக்கினால் மூழ்கும் ஆபத்து குறையும் என்பதற்குச் சான்று இல்லை. தாயோ தந்தையோ இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் விளையாட்டுக் காட்டலாம், அவ்வளவே.

2. ஒன்று முதல் நான்கு வயது வரை: 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முறையாக நீச்சல் பழகிய 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. அதற்குப் பின் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஒரு வயதிலிருந்தே பல குழந்தைகளுக்கு வகுப்பு பயன் தரலாம் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் இந்த எண்ணைத் தஞ்சாவூருக்கு அப்படியே தூக்கி வர முடியாது. அந்த ஆய்வு நடந்த ஊர்களில் பிள்ளைகளைச் சுற்றியிருந்த தண்ணீர் வேறு, வேலி வேறு, மேற்பார்வை வேறு. நம் ஊரில் இந்த வயதுக்கு முதல் காவல் தடுப்புதான். சம்ப் மூடி, வாளியைக் கவிழ்த்து வைப்பது, கொல்லைப் பக்கக் கதவின் கொக்கி, பம்புசெட்டுத் தொட்டிக்கும் பண்ணைக் குட்டைக்கும் வேலி. வகுப்பு அதற்கு மேல் கூடுதல் பாதுகாப்பு.

3. நான்கு வயதுக்கு மேல்: சொன்னதைக் கேட்டுச் செய்யவும், வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதில் வந்துவிடும். குழு வகுப்புக்கு இது நல்ல தொடக்கம்.

4. ஆறு வயதுக்கு மேல்: பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் சொல்லித்தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாதவர்கள்.

முதல் பத்து வகுப்பில் என்ன நடக்க வேண்டும்

நான்கரை வயதுப் பிள்ளை நீச்சல் குளத்தின் படியில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் இடுப்பளவு. இரண்டு கையாலும் படியின் விளிம்பைப் பிடித்திருக்கிறது, விரல் நுனி வெளுத்திருக்கிறது. பயிற்சியாளர் எதிரே தோளளவு தண்ணீரில் குனிந்து, தன் முகத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, சூடான பாலை ஊதுவதுபோல் தண்ணீரை ஊதிக் காட்டுகிறார். பிள்ளை ஊதுகிறது. அடுத்த முறை உதடு தண்ணீருக்குள் இறங்குகிறது, குமிழி வருகிறது. அதற்கடுத்த முறை மூக்கும் உள்ளே போகிறது. ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் ஒரு கை விளிம்பை விட்டிருக்கும். அன்றைய பாடம் அவ்வளவுதான், அது போதும்.

நம் ஊர்ப் பழைய வழக்கம் ஒன்று, பிள்ளையைத் தூக்கித் தண்ணீரில் போடுவது. "குடிச்சாத்தான் கத்துக்குவான்" என்பார்கள். எதிர்பாராமல் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுத்துவிடலாம், இழுத்த இடத்தில் தண்ணீர் இருந்தால் அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். அப்படித் தூக்கிப் போடப்பட்டு நீச்சல் கற்றவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கலாம். அதே காரணத்தால் ஆயுளுக்கும் தண்ணீர்ப் பக்கம் போகாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் எண்ணுவதில்லை. பயத்தை அடித்து விரட்டலாம் என்பது தவறு. பயந்த பிள்ளை தலையைத் தூக்கும், தலையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

பழைய முறையில் ஒரு பெரிய நல்லது இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ, வாழைத்தண்டைப் பிடிக்கவைத்தோ பழக்கிய அப்பாவும் மாமாவும் தாத்தாவும் முழு நேரமும் கை எட்டும் தூரத்தில் இருந்தார்கள். அம்மாவும் அத்தையும் படித்துறையில் துவைத்துக்கொண்டிருக்கும்போதே பெண் பிள்ளைகள் நீந்தப் பழகினார்கள். ஆழ்துளைக் கிணறும் மாடித் தொட்டியும் குளியலை வீட்டுக்குள் கொண்டுவந்தபின், ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் ஆற்றில் இறங்காத தலைமுறை வந்துவிட்டது. எந்தப் படியில் பாசி, எந்த இடத்தில் மடு, எங்கே இழுப்பு என்று சொல்லித்தந்த வாய்களும் அதோடு குறைந்துவிட்டன. பெண் பிள்ளைகளின் இழப்பு இன்னும் பெரிது. பத்துப் பதினோரு வயதானதும் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். படித்துறையும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை என்றாகிவிடுகிறது.

முதல் பத்து வகுப்புகளின் வரிசை இப்படி இருப்பது நல்லது: குமிழி விடுதல், முகத்தை முக்குதல், படியைப் பிடித்துக் கால் அடித்தல், தாங்கிய கையில் மல்லாக்கக் கிடத்தல், கை எடுத்தபின் மல்லாக்கக் கிடத்தல், குப்புற வழுக்கிப் போய்த் திரும்பி விளிம்பைப் பிடித்தல், ஏணியில்லாமல் கையூன்றி வெளியே ஏறுதல். நேர் நீச்சலும் (ஃப்ரீஸ்டைல் என்று பயிற்சியாளர்கள் சொல்வது) தூரமும் வேகமும் பிறகு வரட்டும்.

கையில் மாட்டும் காற்று டியூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிள்ளையை நிமிர்ந்து நிற்கவைக்கிறது. நிமிர்ந்து நிற்பது மூழ்குபவரின் நிலை. பிள்ளை அதைத்தான் நீச்சல் என்று பழகுகிறது. டியூப் இல்லாத நாளில் அதே நம்பிக்கையோடு இறங்கும். இதனால் அதைப் பழக்கப் பொருளாக வைக்காமல் இருப்பதே நல்லது.

"நீச்சல் தெரியும்" என்பதற்கு என்ன அளவு

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இதற்கு ஐந்து செயல்களை வைத்திருக்கிறது. நமக்கும் பொருந்தும் நல்ல அளவுகோல்:

1. தலை முங்கும் ஆழத்தில் இறங்கி மேலே வருதல்.
2. ஒரு நிமிடம் மிதந்தோ நின்ற இடத்தில் கால் அடித்தோ இருத்தல்.
3. முழு வட்டமாகத் திரும்பி, வெளியேறும் இடத்தைக் கண்டுபிடித்தல்.
4. அந்த இடம் நோக்கி 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் நீந்துதல்.
5. ஏணி இல்லாமல் வெளியே ஏறுதல்.

இந்த ஐந்தையும் இடைவிடாமல் ஒரே தொடராகச் செய்தால்தான் "தெரியும்". "15 நாளில் நீச்சல்" என்று தட்டி வைக்கும் இடங்களில், நான்காவது மட்டும்தான் பெரும்பாலும் நடக்கிறது. குளத்தின் அந்தப் பக்கம் பிள்ளை தொட்டதும் எல்லோரும் கை தட்டுவார்கள். மற்ற நான்கும் விடுபட்டுப்போகும். ஆற்றில் உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்த நான்குதான்.

இன்னொன்று: இந்த ஐந்தும் அசையாத, தெளிந்த, ஆழம் தெரிந்த தண்ணீருக்கான அளவு.

நீச்சல் குளமும் ஆறும்: கணக்கு எங்கே மாறுகிறது

காவிரிக்குப் புதுத்தண்ணீர் மேட்டூர் அணையிலிருந்து வருகிறது. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டு மாத வித்தியாசம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். ஆகவே நேற்று பிள்ளைகள் மட்டை பிடித்து ஆடிய மணல்திட்டில் நாளை எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதைக் கரையில் நின்று சொல்ல முடியாது.

ஓட்டம்: வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ஆறு பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். அது 25 வினாடியில் பிள்ளையை 25 மீட்டர், ஒரு நீச்சல் குளத்தின் முழு நீளம், கொண்டுபோய்விடும். புதிதாகப் பழகிய பிள்ளை அந்த நீளத்தைக் கடக்க முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கும். ஓட்டத்தை எதிர்த்து அதனால் ஓர் அடிகூட முன்னேற முடியாது. வேகம் இரட்டித்தால் தண்ணீரின் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீரும் பிள்ளையின் காலை வாரிவிடுவது இதனால்தான். செய்ய வேண்டியது: எதிர்க்காமல், கால் முன்னே போகும்படி மல்லாக்கக் கிடந்து, ஓட்டத்தோடு போய்க்கொண்டே கரைப்பக்கம் சாய்வாக ஒதுங்குவது. மல்லாக்க மிதக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த வழி இல்லை.

தரை: நீச்சல் குளத்தில் 3 அடி என்று எழுதியிருந்தால் 3 அடிதான். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. தண்ணீர் வந்ததும் அவை மேலே தெரியாது. இடுப்பளவில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருக்கும். குழியின் விளிம்பு மணலாக இருப்பதால் ஊன்றி ஏறப் பார்த்தால் சரியும். கலங்கிய தண்ணீரில், கரையிலிருக்கும் பெரியவருக்கும் பிள்ளை எங்கே போனது என்று தெரியாது.

கதவணை: டெல்டாப் பிள்ளைகளை அதிகம் இழுப்பது இதுதான், அருவிபோல் விழுகிறதே என்று. ஷட்டருக்குக் கீழே வேகமாக வரும் தண்ணீர், எதிரே மெதுவாக நிற்கும் தண்ணீரில் மோதி மேலெழுந்து பின்னோக்கிச் சுருளும். அந்தச் சுருளுக்குள் போன பொருள் திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றும். காற்று கலந்த நுரைத் தண்ணீர் உடம்பைத் தாங்கவும் தாங்காது. நல்ல நீச்சல்காரரும் அங்கே மாட்டிக்கொள்வார். எந்த வயதிலும் கதவணைக்குக் கீழே குளியல் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கரை: மண்கரை வாய்க்காலில் செடியையோ வேரையோ பற்றி ஏறலாம். சிமென்ட் போட்ட சாய்கரையில் பாசி பிடித்தபின் பிடிமானம் கிடையாது. வகுப்பில் கையூன்றி வெளியே ஏறப் பழகுவது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். நிற்கும் தண்ணீர் என்றால் கோயில் குளம் பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்கு: படி சட்டென முடிந்து ஆழம் தொடங்கும், பாசி வழுக்கும். வெயில் காலத்தில் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் செய்தியான மூளை அமீபா நோய்க்கிருமி பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

வகுப்பு முடிந்த சில வாரங்களில் தண்ணீர் வந்துவிடுகிறது என்று தொடக்கத்தில் பார்த்தோம். அந்தச் சில வாரம்தான் ஆபத்தானது. பிள்ளைக்கு நம்பிக்கை உச்சத்தில் இருக்கும், பழக்கம் இன்னும் உடம்பில் ஊறியிருக்காது. பெற்றோருக்கோ "இனிப் பயமில்லை" என்று பிடி தளர்ந்திருக்கும். வகுப்பு ஆபத்தைக் குறைக்கிறது. பெரியவர்களின் கவனம் குறைவதால் ஆபத்து மறுபடி ஏறிவிடுகிறது. "அவனுக்கு நீச்சல் தெரியுமே" என்ற வரிக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் முக்கியமானது இது.

மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கும்

சினிமாவில் கை ஆட்டி அலறுவார்கள். உண்மையில் மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் இரு பக்கமும் தண்ணீரைக் கீழே அழுத்தும். 20 முதல் 60 வினாடிக்குள் உள்ளே போய்விடும். அதனால் மேற்பார்வை என்றால் தொடு தூரம். படித்துறையில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பதைக் காவல் என்று சொல்ல முடியாது.

காப்பாற்றக் குதிப்பவர் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எட்டிக் கொடு, வீசு, ஆளைக் கூப்பிடு: இந்த மூன்றையும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்லித்தரலாம். மூங்கில், துண்டு, சேலை, மூடி இறுக்கிய காலிக் கேன் எதுவானாலும் சரி. "நீ குதிக்காதே" என்பதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் மூச்சுக்குழாயில் போகும், பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் உடனே நிமிர்த்திப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். மூழ்கியவருக்கு நின்றுபோனது காற்று என்பதால் காற்றுதான் முதலில். அதன்பின் நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சேர்க்கும்போது கேட்க வேண்டியவை

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளை? அவர் தண்ணீருக்குள் இருப்பாரா, கரையில் விசிலோடு நிற்பாரா? நான்கு, ஐந்து வயதுக்கு ஆறு பேருக்கு மேல் ஒருவர் பார்த்துக்கொள்வது கடினம். முதலுதவியில் பயிற்சி பெற்றவர் அந்த நேரத்தில் இருக்கிறாரா? குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா? கண்ணை எரிக்கும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நெடி வரும். பிள்ளையின் நீச்சலுடை ஆரஞ்சு, இளஞ்சிவப்புப் போல் பளிச்சென்று இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கடைசி வகுப்புகளில் ஒன்றைப் பள்ளிச் சீருடையோடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆற்றில் தவறி விழும் பிள்ளை நீச்சலுடையில் விழுவதில்லை. நனைந்த துணி கையையும் காலையும் எப்படிப் பிடித்து இழுக்கிறது, அப்போதும் மல்லாக்கச் சாய்ந்தால் எப்படி மிதக்க முடிகிறது என்பதைப் பயிற்சியாளரின் கை எட்டும் இடத்திலேயே பிள்ளை அறிந்துகொள்ளும்.

2021இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. ஆடிப்பெருக்குக்கு அது சுமார் ஒரு வாரம் முந்தி வருகிறது. முளைப்பாரியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படித்துறைக்குப் போகும் நாள் ஆடிப்பெருக்கு. மே மாதம் வகுப்பு முடித்த பிள்ளையை அந்த வாரத்தில் ஒருநாள் மறுபடி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய், மேலே சொன்ன ஐந்தையும் ஒரே தொடராகச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் தடுமாறினாலும், பதினெட்டாம் பெருக்கன்று பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.